‘கம்’: ஒரு பாரசீகப் பெயரடையும் நம் பேச்சில் உள்ள ‘கம்மி’யும்

டெஹ்ரானில் ஒருவர் குழம்பைச் சிறிது வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, அதில் உப்புப் போதவில்லை என்று கண்டால், ‘நமகஷ் கம் அஸ்த்’ என்பார். ‘நமக்’ என்றால் உப்பு. ‘அஷ்’ என்றால் அதனுடைய. ‘அஸ்த்’ என்றால் இருக்கிறது. நடுவில் நிற்கும் ‘கம்’ என்ற சிறு சொல்லுக்குப் பொருள் சொல்ல நாம் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அதே குழம்பைச் சுவைத்த தமிழர் ‘உப்பு கம்மி’ என்றுதான் சொல்லியிருப்பார். இந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்ததன்று. நம் பேச்சில் வழங்கும் ‘கம்மி’, அந்தப் பாரசீகப் பெயரடையிலிருந்து பிறந்த சொல்லே. பாரசீகம் கற்கத் தொடங்குபவர் முதல் சில வாரங்களிலேயே சந்திக்கும் இச்சொல், ஈரானிய மொழிகளின் மிகப் பழைய பாடல்களிலும் கல்வெட்டுகளிலும் இருக்கிறது.

முதலில் அதன் ஒலியையும் எழுத்தையும் பார்ப்போம். பாரசீக எழுத்தில் இச்சொல் காஃப், மீம் என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை என்பதால், இடையில் வரும் அகரத்தைப் படிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய ஈரானில் அந்த அகரம் நம் அகரத்தைவிட நாவின் முன்பகுதியில், ‘பேங்க்’ என்று சொல்லும்போது வரும் உயிரொலிக்கு நெருக்கமாக ஒலிக்கும். தமிழ் எழுத்தில் படித்துப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் இடர் உண்டு. நம் ககரம் ஒன்றே பல ஒலிகளைத் தாங்குவதால், துயரம் என்று பொருள்படும் அரபுச் சொல்லையும் நாம் ‘கம்’ என்றே எழுதிவிடுவோம். பாரசீகத்தில் அதன் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. ‘தொலைந்துபோன’ என்று பொருள்படும் ‘கொம்’ என்ற சொல்லோ, ‘கம்’ என்பதிலிருந்து எழுத்தில் ஒரே ஒரு மேற்கோட்டால் மட்டும் வேறுபடுகிறது. ‘கம் ஷொத்’ என்றால் குறைந்தது. ‘கொம் ஷொத்’ என்றால் தொலைந்தது. பணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

நெட்டுயிரால் வரும் குழப்பம் இன்னும் சுவையானது. ‘காம்’ என்றால் விருப்பம்; சமஸ்கிருதத்தின் ‘காம’ என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. ‘யாப்’ என்பது ‘கண்டடைதல்’ என்ற வினையின் பகுதி. எனவே ‘காம்யாப்’ என்றால் விரும்பியதை அடைந்தவர், அதாவது வெற்றி பெற்றவர். ‘கம்யாப்’ என்றாலோ குறைவாகவே கிடைப்பது, அதாவது அரிய பொருள். குறில், நெடில் வேறுபாட்டைப் பள்ளியிலேயே பாடமாகப் படித்த நமக்கு இது எளிது. உயிரின் அளவைப் பொருட்படுத்தாத மொழிகளிலிருந்து வருபவர்கள்தாம் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

பொருளுக்கு வருவோம். ‘கம்’ அளவைப் பற்றிய சொல், உருவத்தைப் பற்றியதன்று. சிறிய வீட்டுக்குப் பாரசீகத்தில் ‘கூச்செக்’ என்ற வேறொரு பெயரடை உண்டு. அங்கே ‘கம்’ பொருந்தாது. எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்ற வேறுபாட்டையும் இச்சொல் பார்ப்பதில்லை. ஆட்கள் குறைவு, நீர் குறைவு என்று நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதுபோல், அவர்களும் ‘கம்’ என்ற ஒன்றையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது வெறும் எண்ணிக்கையைச் சொல்லும் சொல்லும் அன்று. ‘இவ்வளவு இருந்திருக்க வேண்டும், அவ்வளவு இல்லை’ என்ற ஒப்பீடு அதன் உள்ளே எப்போதும் மறைந்திருக்கிறது. பானையில் 10 லிட்டர் நீர் இருக்கலாம். வந்திருக்கும் விருந்தினருக்கு அது போதாது என்றால் அது ‘கம்’. அதனால்தான் ‘கம் அஸ்த்’ என்ற தொடர் பல இடங்களில் ‘போதாது’ என்றே பொருள்படுகிறது. ‘கம் நீஸ்த்’ என்ற எதிர்மறைத் தொடர், ‘குறைவில்லை’ என்ற நிலையையும் தாண்டி, ‘நிறையவே இருக்கிறது’ என்ற பொருளைத் தருகிறது.

இங்கே ‘கமீ’ என்ற வடிவத்தையும் அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் தமிழுக்கு வந்தது இதுதான். இன்றைய ஈரானிய எழுத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் ‘கமீ’க்குள் உண்மையில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பெயரடையைப் பண்புப் பெயராக்கும் ஈகார விகுதி சேர்ந்தால் ‘கமீ’ என்பது ‘குறைவு’ அல்லது ‘பற்றாக்குறை’. அப்போது அழுத்தம் கடைசி அசையில் விழும். ‘ஒரு’ என்ற பொருளைத் தரும் இன்னொரு விகுதி சேர்ந்தால் அதே ‘கமீ’ என்பது ‘கொஞ்சம்’. அப்போது அழுத்தம் முதல் அசையில் இருக்கும். பழைய பாரசீகக் கவிஞர்களின் காலத்தில் இரண்டாவது வடிவம் ‘கமே’ என ஏகாரத்தில் முடிந்தது. தஜிகிஸ்தானில் பாரசீகத்தின் ஒரு வடிவத்தைப் பேசி, அதைச் சிரில்லிய எழுத்தில் எழுதும் தஜிக் மக்கள் இவ்விரண்டையும் இன்றும் பிரித்தே ஒலிக்கிறார்கள், பிரித்தே எழுதுகிறார்கள். ஈரானில் மட்டும் இரண்டும் ஒலியால் கலந்துவிட்டன. கொஞ்சம் நீர் இருக்கிறது என்பவரின் மனநிலை வேறு, நீர் குறைவு என்பவரின் மனநிலை வேறு என்பதால், இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்வது பயன் தரும்.

இனி இச்சொல்லின் பிறப்பு. ஜரதுஷ்டிர சமயத்தின் புனித நூலான அவெஸ்தாவில், ஜரதுஷ்டிரரே பாடியவை எனக் கருதப்படும் காதாக்கள் என்ற 17 பாடல்கள் உள்ளன. ஈரானிய மொழிகளில் நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகத் தொன்மையான பகுதி அவைதாம். அவற்றுள் ஒன்றான யஸ்னா 46, ‘எந்த நிலத்துக்குத் தப்பிச் செல்வேன்’ என்ற ஏக்கத்துடன் தொடங்குகிறது. சொந்த மக்களாலும் ஆட்சியாளர்களாலும் ஒதுக்கப்பட்ட ஒருவரின் குரல் அது. அதே பாடலின் அடுத்த செய்யுளில் அவர் தம் இறைவனான மஸ்தாவிடம், தாம் ஏன் வலிமையற்றுக் கிடக்கிறார் என்பது தமக்குத் தெரியும் என்று சொல்லிக் காரணங்களையும் கூறுகிறார்: தாம் ‘கம்ன-ஃப்ஷு’, அதாவது ஆநிரை குறைந்தவர்; தம்முடன் நிற்கும் ஆட்களும் குறைவு. இந்தக் ‘கம்ன’ என்பதே இன்றைய ‘கம்’ என்ற சொல்லின் மூத்த வடிவம். அதனோடு சேர்ந்து நிற்கும் ‘ஃப்ஷு’, வடமொழி ‘பசு’வின் உறவுச் சொல். மாடும் ஆளும் இல்லாதவன் சொல்லை யார் கேட்பார்கள் என்ற அந்தப் புலம்பலை, ஆநிரையைச் செல்வமாகக் கருதிய எந்தச் சமுதாயமும் உடனே புரிந்துகொண்டிருக்கும்.

அடுத்த பெரிய சான்று கல்லில் இருக்கிறது. மேற்கு ஈரானில் கெர்மான்ஷா நகருக்கு அருகே, பாபிலோனிலிருந்து எக்பதானாவுக்குச் சென்ற பழைய பெருவழியைப் பார்த்து நிற்கும் பெஹிஸ்தூன் என்ற செங்குத்தான பாறையில், பேரரசர் முதலாம் தாரியஸ் தாம் அரசுரிமை பெற்ற கதையைப் பழைய பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் ஆகிய 3 மொழிகளில் பொறிக்கச் செய்தார். கி.மு. 522-இல் அரியணையில் இருந்தவர் உண்மையான இளவரசர் அல்லர், அவர் கௌமாதா என்ற மாகி குலத்துப் பூசாரி என்பது தாரியஸ் தரும் விளக்கம். அவரைக் கொன்ற நிகழ்வைக் கூறும் இடத்தில், ‘நான் ஹதா கம்னைபிஷ் மர்தியைபிஷ் அந்தக் கௌமாதாவைக் கொன்றேன்’ என்று வருகிறது. ‘ஹதா’ என்றால் உடன். ‘மர்திய’ என்றால் மனிதன். ‘சில ஆட்களுடன்’ என்பது தொடரின் பொருள். அந்தச் சிலர் 6 பேர். அவர்களின் பெயர்களையும் தந்தையரின் பெயர்களையும் கல்வெட்டின் பிற்பகுதி வரிசையாகத் தருகிறது.

இக்கல்வெட்டில் ‘கம்ன’ வரும் இடங்களை ஒன்றாக வைத்துப் படிப்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. மேற்சொன்ன இடத்தில் அது பெருமிதத்தின் சொல்: யாரும் வாய் திறக்க அஞ்சிய காலத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுடன் நான் முடித்தேன் என்பது அதன் குறிப்பு. சற்றுப் பின்னால், ஈரானின் வடமேற்கில் இருந்த மீதிய நாட்டில் ஃப்ரவர்தி என்பவர் கிளர்ந்தெழுந்தபோது, ‘என்னுடன் இருந்த பாரசீக, மீதியப் படை கம்னம், சிறிதாக இருந்தது’ என்கிறார் தாரியஸ். அங்கே அது இக்கட்டான நிலையை ஒப்புக்கொள்ளும் சொல். பின்னர் தோற்ற ஃப்ரவர்தி, இன்றைய டெஹ்ரானை ஒட்டிய ரகா என்ற பகுதியை நோக்கி ‘சில குதிரை வீரர்களுடன்’ தப்பியோடினான் என்று வரும்போது, அதே சொல் பகைவனின் இழிவைக் காட்டுகிறது. எண்ணிக்கை எல்லா இடத்திலும் சிறியதுதான். யாருடைய சிறுபான்மை, எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது. அந்தக் குதிரை வீரர்களைக் குறிக்கும் ‘அசபார’ என்ற பழஞ்சொல்தான் பின்னாளில் ‘சவார்’ எனத் தேய்ந்து, நம் மாட்டு வண்டிக்கும் ஆட்டோவுக்கும் ‘சவாரி’யாக வந்து சேர்ந்தது என்பதையும் இங்கே போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

பழைய பாரசீகத்துக்குப் பின் வந்த நடுப் பாரசீகத்தில், அதாவது இஸ்லாம் வருவதற்கு முன் ஈரானை ஆண்ட சாசானியர்களின் மொழியில், வேற்றுமை உருபுகள் உதிர்ந்தன. சொற்களின் வாலும் தேய்ந்தது. ‘கம்ன’ வெறும் ‘கம்’ ஆயிற்று. அதன்பின் அது மாறவில்லை. ஒப்பீட்டுக்குத் ‘தர்’ என்ற விகுதியும், உச்சநிலைக்குத் ‘தரீன்’ என்ற விகுதியும் சேர்கின்றன: கம், கம்தர், கம்தரீன். முதல் விகுதி வடமொழியின் ‘தர’ என்ற விகுதிக்கு இனமானது. தமிழில் இத்தகைய விகுதி இல்லை. ‘அதைவிடக் குறைந்த’, ‘எல்லாவற்றிலும் குறைந்த’ என்று தொடரால்தான் சொல்கிறோம்.

இச்சொல்லின் உண்மையான வளம் கூட்டுச்சொற்களில் இருக்கிறது. ‘ரூ’ என்றால் முகம். ‘கம்ரூ’ என்றால் கூச்ச சுபாவம் உடையவர். ‘ஹர்ஃப்’ என்றால் பேச்சு. ‘கம்ஹர்ஃப்’ என்றால் அதிகம் பேசாதவர். ‘ஆப்’ என்றால் நீர்; ‘கம்ஆப்’ என்றால் நீர்வளம் குன்றிய நிலம். ‘ஹூன்’ என்றால் இரத்தம். ‘கம்ஹூனீ’ என்றால் இரத்தசோகை. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இவற்றை உடனே இனங்கண்டுகொள்வார்கள். ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வந்தது தொடியன்று, அதை அணிந்த பெண் என்பதுபோல், ‘கம்ரூ’ என்பது குறைந்த முகத்தைக் குறிக்காமல் அத்தகைய முகத்தை உடைய ஆளையே குறிக்கிறது. நாம் அன்மொழித்தொகை என்று அழைப்பது இதைத்தான். ஜரதுஷ்டிரர் தம்மை ‘ஆநிரை குறைந்தவன்’ என்று சொன்னபோது பயன்படுத்தியதும் இதே அமைப்புதான். நிலைமொழியாக முன்னே நின்று, வருமொழியின் பொருளைக் குறைத்து, முழுச்சொல்லையும் ஓர் ஆளின் மேல் ஏற்றும் வேலையை இந்தப் பெயரடை அன்றிலிருந்து இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கூட்டுச்சொற்களுக்கு எதிர்ச்சொல் வேண்டுமானால், முன்னால் ‘பொர்’ என்ற சொல் வருகிறது. ‘நிறைந்த’ என்று பொருள். வடமொழிப் ‘பூர்ண’ அதன் உறவு. ‘பொர்ஹர்ஃப்’ என்றால் வாயாடி. ‘பொர்ரூ’ என்றால் முகம் நிறைந்தவர், அதாவது கூச்சநாச்சம் இல்லாத துடுக்கர். ஈரானியர் பாலில்லாத தேநீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடிப்பவர்கள். எனவே அதன் அடர்த்தி கண்ணுக்கே தெரியும். நமக்கு ‘லைட்’, ‘ஸ்ட்ராங்’ என்று சொல்லிப் பழக்கம். அவர்கள் நிறத்தை வைத்து ‘கம்ரங்’, ‘பொர்ரங்’ என்று கேட்கிறார்கள். ‘ரங்’ என்றால் நிறம். பொதுவாழ்வில் ஒருவருடைய பங்கு மங்கிப்போனால் அதையும் ‘கம்ரங்’ ஆயிற்று என்பார்கள்.

மென்மையாகப் பேச விரும்பும்போதும் இச்சொல் கைகொடுக்கிறது. பாரசீகத்தில் ‘இல்லாத’ என்று பொருள்படும் ‘பீ’ என்ற முன்னொட்டு உண்டு. அது முழுவதுமாக மறுப்பது. ‘கம்’ அவ்வாறு மறுப்பதில்லை. செவித்திறன் குறைந்தவரைக் ‘கம்ஷெனவா’ என்றும், பார்வைத்திறன் குறைந்தவரைக் ‘கம்பீனா’ என்றும் சொல்வது மரியாதையான வழக்கு. நெடுநாள் வராத நண்பரிடம் ‘கம்லொத்ஃபீ’ செய்கிறீர்கள், அதாவது அன்பைக் குறைத்துக்கொண்டீர்கள் என்று செல்லமாகக் குறைப்பட்டுக்கொள்ளலாம். அல்லது ‘கம்பெய்தாயீ’, அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறாய் என்று சொல்லலாம். ‘ஆளையே காணோமே’ என்று நாம் கேட்பதும் இதே தொனியில்தான்.

கூட்டுச்சொற்களுக்கு வெளியிலும் சில தொடர்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. ‘கம்கம்’ என்று இரட்டித்தால் ‘கொஞ்சம் கொஞ்சமாக’. ‘தஸ்தெ கம்’ என்றால் ‘குறைந்தபட்சம்’. ‘கம் மாந்தெ பூத்’ என்று தொடங்கினால், ‘இன்னும் சிறிதே மிச்சம் இருந்தது’ என்பது சொல்லுக்குச் சொல்லான பொருள். ஆனால் ‘கொஞ்சம் விட்டிருந்தால் விழுந்திருப்பேன்’ என்று நாம் சொல்லும் இடங்களில் அது வரும். ஒருவர் ஒரு செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னால், அது ‘பீ கம் ஓ காஸ்த்’.

ஒரு கிளைச்சொல்லின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. ‘கம்’ என்பதோடு ‘ஈன’ என்ற விகுதி சேர்ந்து ‘கமீன’ ஆகும். ‘மிகக் குறைந்த’, ‘மிகத் தாழ்ந்த’ என்று பொருள். பழைய பாரசீக வழக்கில் பெரியவர்களிடம் பேசுபவர் தம்மையே ‘இந்தக் கமீன’ என்று சொல்லிக்கொள்வார். ‘அடியேன்’ என்பதற்கு இணையான பணிவு அது. இன்றைய ஈரானில் கடைசி உயிர் மாறிக் ‘கமீனெ’ ஆகி, கணிதத்தில் சிறும மதிப்பையும், வானிலை அறிக்கையில் நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் குறிக்கும் கலைச்சொல்லாக அமர்ந்திருக்கிறது. அதே சொல் இந்தியாவுக்கு வந்து ‘கமீனா’ ஆனபோது, ‘தாழ்ந்த’ என்ற பொருள் ஒன்றையே பற்றிக்கொண்டு, ஈனப்பிறவி என்று பொருள்படும் இந்தி வசைச்சொல்லாகிவிட்டது. ‘கம்பக்த்’ என்ற இன்னொரு வசைக்கும் ‘கம்’ முன்னே நிற்கிறது. ‘பக்த்’ என்பது ஊழ், நமக்குப் பழக்கமான ‘பாக்கியம்’ என்ற சொல்லின் வேரே அதற்கும் வேர். பாக்கியம் குறைந்தவன் என்று இரங்கிச் சொல்ல வேண்டிய சொல், திட்டுகிற சொல்லாக மாறியிருக்கிறது. ‘கம்ஜோர்’ என்ற இந்திச் சொல்லில் இருக்கும் ‘ஜோர்’ வலிமை என்று பொருள்படும். தமிழில் நாம் ‘ஜோராக இருக்கிறது’ என்று சொல்வதும் அதே சொல்தான், வலிமை மட்டும் சிறப்பாக மாறிவிட்டது.

தமிழுக்கு இச்சொல் வந்த வழி, வரிக் கணக்கும் வாணிகமும் சென்ற வழி. தில்லி சுல்தான்கள், முகலாயர், தக்காணத்துச் சுல்தான்கள் ஆகியோரின் ஆட்சியில் பாரசீகமே அலுவல் மொழியாக இருந்தது. ஆற்காட்டு நவாபுகளின் அரசவையிலும் அவ்வாறே. சர்க்கார், வசூல், தாசில்தார், பாக்கி போன்ற சொற்கள், அவற்றுட் சில பிறப்பால் அரபுச் சொற்களானாலும், பாரசீகத்தின் வழியாகவும் இந்துஸ்தானியின் வழியாகவும் நம் ஊர்க் கணக்குகளில் நுழைந்தன. ‘கமீ’யும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. வரும்போது அதன் மகரம் இரட்டித்துக் ‘கம்மி’ ஆயிற்று; கன்னடத்திலும் மலையாளத்திலும் அவ்வாறே வழங்குகிறது. அதற்கு இணையாக நாம் சொல்லும் ‘ஜாஸ்தி’யும் இதே வழியில் வந்ததுதான், ஆயினும் அதன் வேர் அரபு. சங்க நூல்களில் வரும் ‘கம்மியர்’ என்ற சொல்லைப் பார்த்து, கம்மி பழந்தமிழிலேயே உண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது கைத்தொழில் செய்வோரைக் குறிக்கும் வேறு சொல்.

இலக்கண நோக்கில் இப்பயணம் வேடிக்கையானது. பெயரடையாகப் பிறந்த ‘கம்’, பாரசீகத்திலேயே விகுதி பெற்றுக் ‘கமீ’ என்ற பெயரானது. தமிழில் அந்தப் பெயர் ‘உப்பு கம்மி’ எனப் பயனிலையாக நின்றது. பின்னர் ‘ஆன’ சேர்ந்து ‘கம்மியான விலை’ என மறுபடியும் பெயரடையின் வேலைக்கே திரும்பியது. மலையாள நாளிதழ்கள் அரசின் நிதிப் பற்றாக்குறையைத் ‘தனக்கம்மி’ என்று தலைப்பிலேயே எழுதுகின்றன. தமிழ் நாளிதழ்கள் இந்தச் சொல்லைச் செய்திக்குள் எளிதில் விடுவதில்லை; குறைவு, பற்றாக்குறை என்றே எழுதுகின்றன. அதே நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவரோ, ‘கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க’ என்றுதான் கேட்கிறார். டெஹ்ரான் கடைத்தெருவில் பேரம் பேசுபவர் சொல்வது, ‘கம்தர் ஹெஸாப் கொனீத்’: குறைத்துக் கணக்குப் போடுங்கள்.